கட்டளை வந்தது, மின்னோட்டம் வந்ததா?

மாணவ நண்பர்களே, ஒரு கேள்வியுடன் தொடங்குவோம். கிணற்று மோட்டாரை ஓட்டுவது எது? சுவிட்சா, மின்சாரமா?

சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடுகிறது என்பது உண்மைதான். ஆனால் கம்பியில் மின்சாரம் இல்லாதபோது சுவிட்சை நூறு முறை போட்டாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வராது. சுவிட்ச் கொடுப்பது கட்டளை மட்டுமே. வேலையைச் செய்வது மின்னோட்டம். ஆழ்துளைக் கிணறுகளை நம்பிப் பயிர் செய்யும் தருமபுரி மாவட்டத்தில் இது சிறு குழந்தைக்கும் தெரிந்த செய்தி. ஆனால் நம் பள்ளிகளில் 'ரோபோ' செய்யக் கற்றுத் தரும்போது இதைத்தான் முதலில் மறந்துவிடுகிறோம். அப்படி மறப்பது தவறு என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

தருமபுரி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் நடந்த அறிவியல் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எந்திரக் கை ஒன்றை வைத்திருந்தாள். ஆறு சீரியல் சர்வோ மோட்டார்கள், உள்ளங்கையளவு கணிப்பொறிப் பலகை ஒன்று, 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று. இவ்வளவுதான் சாமான்கள். தக்காளியை எடுத்துக் கூடையில் போடும் கை என்று அட்டையில் எழுதியிருந்தது. பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து பிறந்தது என்று சொல்லத் தேவையில்லை.

தெர்மோகோல் பந்தை வைத்தால் கை அழகாக எடுத்துப் போட்டது. உண்மையான தக்காளியை வைத்தபோதோ, பாதி உயரம் போனதும் கை தொப்பென்று விழுந்தது. பலகையின் விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. மூன்று முறையும் இதே கதைதான். "புரோகிராமில் ஏதோ தப்பு, சார்" என்றாள் அவள். பக்கத்தில் நின்றிருந்த அவளுடைய தந்தை மெல்லச் சொன்னார்: "அதுல தப்பில்லம்மா. வோல்டேஜ் பத்தல. நம்ம கெணத்து மோட்டார் சாயங்காலம் மொனகிக்கிட்டு நிக்குமே, அது மாதிரிதான் இது."

கணிப்பொறிப் பலகையைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவர் அவர். ஆனால் கோளாறு எதுவென்று அவருக்குத்தான் தெரிந்தது.

அவர் சொன்னது சரியா என்று நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் சர்வோ மோட்டார் என்றால் என்ன? சாதாரண மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார், சொன்ன கோணத்துக்குத் திரும்பி அங்கேயே நிற்கும். அதன் பெட்டிக்குள் ஒரு சிறு மோட்டார், வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பற்சக்கரங்கள், கோணத்தை அளக்கும் உறுப்பு ஒன்று, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மின்சுற்று ஒன்று ஆகியவை இருக்கின்றன. 'எங்கே போகவேண்டும், இப்போது எங்கே இருக்கிறேன்' என்று அந்தச் சுற்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் இருந்தால் மோட்டாரைத் திருப்பும்.

விலை குறைந்த சர்வோவில் கட்டளை ஒரு மின்துடிப்பாகப் போகிறது. நொடிக்கு 50 முறை துடிப்பு அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு துடிப்பும் ஏறத்தாழ 1 மில்லி நொடி நீண்டால் ஒரு கோடி, 2 மில்லி நொடி நீண்டால் மறு கோடி, 1.5 என்றால் நடு. இந்த வகை சர்வோ கேட்கும்; ஆனால் பதில் சொல்லாது. மேலும், ஒவ்வொரு மோட்டாருக்கும் பலகையிலிருந்து ஒரு தனிக் கம்பி போகவேண்டும்.

சீரியல் சர்வோ அப்படியல்ல. அதற்குள்ளேயே ஒரு குட்டிக் கணிப்பொறி இருக்கிறது. பல மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாக ரயில் பெட்டிகளைப்போல் கோத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் ஒரே செய்திக் கம்பிதான். ஒவ்வொரு மோட்டாருக்கும் வகுப்பில் உங்களுக்கு இருப்பதுபோல ஒரு எண் உண்டு. தன் எண்ணைச் சொல்லி அழைத்தால் மட்டுமே அது கட்டளையை ஏற்கும். கேட்டால் பதிலும் சொல்லும்.

கொரிய நாட்டின் ரோபோடிஸ் நிறுவனம் செய்யும் ஏஎக்ஸ்-12ஏ என்ற சீரியல் சர்வோவை எடுத்துக்கொள்வோம். இது 300 பாகை வரை திரும்பக்கூடியது. அந்த 300 பாகையை 0 முதல் 1023 வரையுள்ள எண்களால் குறிக்கிறார்கள். 'முதலாம் எண் மோட்டாரே, நடுவுக்கு வா' என்று சொல்லவேண்டுமானால் பலகை அனுப்பும் செய்தி இதுதான்:

255, 255, 1, 5, 3, 30, 0, 2, 214

இரண்டு 255களும் 'கவனி, செய்தி வருகிறது' என்னும் மணியோசை. அடுத்த 1 என்பது மோட்டாரின் எண். 5 என்பது இன்னும் எத்தனை எண்கள் வரப்போகின்றன என்பது. 3 என்றால் 'எழுதிக்கொள்' என்று பொருள். 30 என்பது போகவேண்டிய இடத்தைக் குறித்துவைக்கும் அறையின் எண். 0, 2 இரண்டும் சேர்ந்து அந்த இடத்தைச் சொல்கின்றன: 2 × 256 + 0 = 512. அதாவது நட்டநடு. கடைசி எண் 214 எதற்கு? மணியோசையை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டுங்கள்: 1 + 5 + 3 + 30 + 0 + 2 = 41. இதை 255இலிருந்து கழித்தால் 214. (கூட்டுத்தொகை 255ஐத் தாண்டினால் 256இன் மடங்குகளை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கழிக்கவேண்டும்.) மோட்டாரும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை ஒத்துவராவிட்டால் வழியில் செய்தி சிதைந்துவிட்டது என்று அதை ஏற்க மறுத்துவிடும்.

எவ்வளவு அழகான ஏற்பாடு! ஐந்தாம் வகுப்புக் கூட்டல் கழித்தல் போதும், புரிந்துகொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஒன்பது எண்களில் தக்காளியைத் தூக்கும் பலம் எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. இவை வெறும் கடிதம். கடிதம் தக்காளியைத் தூக்காது.

தூக்கும் பலம் மின்னோட்டத்திலிருந்து வருகிறது. எவ்வளவு மின்னோட்டம்? மோட்டார் சுமை தாங்காமல் திணறி நின்றுவிட்டால் ஏஎக்ஸ்-12ஏ 12 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் வரை இழுக்கும். நிற்கிற மோட்டார் ஏன் ஓடுகிற மோட்டாரைவிட அதிகம் இழுக்கவேண்டும்? சுழலும்போது மோட்டாரே ஒரு ஜெனரேட்டராகவும் நடந்துகொள்கிறது. அது உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம், வரும் மின்னோட்டத்தைத் தடுத்துக் குறைக்கிறது. மோட்டார் நின்றுவிட்டால் அந்தத் தடுப்பும் இல்லை. கம்பிச்சுருளின் சிறிய மின்தடை மட்டுமே மிஞ்சுகிறது. கிணற்று மோட்டார் வேறு வகையானது, அதன் நுணுக்கமும் வேறு. என்றாலும் புறப்படும்போதும் திணறும்போதும் அதிகம் இழுக்கும் குணம் அதற்கும் உண்டு. அப்படியே விட்டுவைத்தால் சுருள் கருகி, காயில் கட்டும் கடைக்குத் தூக்கவேண்டியதுதான்.

பலகையால் எவ்வளவு கொடுக்க முடியும்? 2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரியா நகரில் பிறந்த ஆர்டுயினோ பலகைகளில் 'ஊனோ' என்பது புகழ்பெற்றது. அதன் ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்குமேல் எடுக்கக்கூடாது என்பது நல்ல வழக்கம். ஒரு மோட்டார் கேட்பது 1500 மில்லி ஆம்பியர். 75 மடங்கு! 2012இல் இங்கிலாந்திலிருந்து வந்த ராஸ்பெரி பை பலகையின் முனைகள் இன்னும் மென்மையானவை. அவை 3.3 வோல்ட்டில் பேசுபவை. 5 வோல்ட் செய்திக் கம்பியை நேராக மாட்டினால் பழுதாகிவிடும். ஆகவே இந்தப் பலகைகள் கடிதம் எழுதப் பிறந்தவை, மூட்டை தூக்கப் பிறந்தவை அல்ல. மோட்டாருக்கான மின்சாரம் பலகையின் முனைகள் வழியாகப் போகாமல் தனி வழியில் வரவேண்டும்.

இப்போது அந்த மாணவியின் கைக்கு வருவோம். தோளிலும் முழங்கையிலும் இருந்த இரண்டு மோட்டார்கள்தான் தக்காளியின் பாரத்தைத் தாங்கின. அவை இரண்டும் திணறினால் 3 ஆம்பியர் வேண்டும். அடாப்டர் தரக்கூடியதோ 2 ஆம்பியர். அளவை மீறியதும் அடாப்டரின் மின்னழுத்தம் சரிந்தது. பலகையும் அதே அடாப்டரில் தொங்கிக்கொண்டிருந்ததால் அதற்கும் மின்சாரம் போய்விட்டது. அது மயங்கி விழுந்து, மறுபடி எழுந்து, முதலிலிருந்து தொடங்கியது. புரோகிராமில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. தந்தை சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இன்னொரு விஷயமும் உண்டு. கை மேஜைமேலும் அடாப்டர் சுவரோரத்திலும் இருந்தன. நடுவில் மெல்லிய நீண்ட கம்பி. அரை சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள தாமிரக் கம்பி 3 மீட்டர் தூரம் போவதாக வைத்துக்கொள்வோம். போக வர 6 மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 0.2 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் ஓமின் விதிப்படி 5 × 0.2 = 1 வோல்ட் கம்பியிலேயே தொலைந்துவிடும். 12 புறப்பட்டு 11 போய்ச் சேரும். டிரான்ஸ்பார்மரிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் கடைசிக் கிணற்றுக்காரரின் துயரமும் இதேதான். ஓமின் விதி பாடப்புத்தகத்தில் மட்டும் இல்லை. உங்கள் ஊர் வரப்பு ஓரத்துக் கம்பிகளிலும் இருக்கிறது.

கண்காட்சியில் நடந்த மீதிக் கதையையும் சொல்கிறேன். தந்தை சொன்னதைக் கேட்டதும் அந்த மாணவியின் முகம் மலர்ந்தது. "வெளியே டிராக்டர் நிற்கிறதே, அதன் பேட்டரியும் 12 வோல்ட்தானே? அதை மாட்டிப் பார்க்கட்டுமா?" என்று ஆசிரியரிடம் கேட்டாள். ஆசிரியர் மறுத்துவிட்டார். "பெட்டியில் வந்ததை மட்டும் வைத்துச் செய். ஏதாவது ஆனால் இருப்புப் பதிவேட்டுக்கு நான்தான் பதில் சொல்லவேண்டும்" என்றார். தக்காளி ஓரமாக வைக்கப்பட்டது. அன்று மாலைவரை கை தெர்மோகோல் பந்தையே தூக்கியது. பரிசும் வாங்கியது!

ஆசிரியர் மறுத்தது சரியா, தவறா? நன்கு யோசித்தால், மறுத்தது சரி, சொன்ன காரணம்தான் தவறு. '12 வோல்ட் பேட்டரி' என்பது பெயர் மட்டுமே. முழுதாக மின்னேறிய நிலையில் அது 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14 வரை போகும். அந்தக் கையின் மோட்டார்களுக்கு 12 வோல்ட்டே மேல் எல்லை. மேலும், டிராக்டர் பேட்டரியின் முனைகள் தவறிச் சேர்ந்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கம்பி பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். நடுவில் பியூஸ் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. 'இந்தக் காரணத்தால் வேண்டாம். 5 ஆம்பியர் அடாப்டர் ஒன்று தேடுவோம்' என்று ஆசிரியர் சொல்லியிருந்தால், அந்த ஒரு நிமிடம் ஓர் ஆண்டுப் பாடத்துக்குச் சமமாகியிருக்கும்.

ஆசிரியரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஒரு பலகை கருகினால் அவர் எழுதிக்கொடுத்து விளக்கவேண்டும். பெட்டி அலமாரியிலேயே பூட்டிக் கிடந்தால் அவரை ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் யார்தான் அலமாரியைத் திறப்பார்கள்? திருத்தவேண்டியது அந்த ஏற்பாட்டைத்தான்.

இது ஒரு பள்ளியின் பிரச்சினை அல்ல. மத்திய அரசின் நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கம், தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு ஆய்வகம் அமைக்க 20 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தமிழக அரசு 2022இல் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களிடம் சோதனைகளைக் கொண்டுபோகிறது. பணம் வருகிறது, பெட்டிகள் வருகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் பெட்டிக்குள் இருப்பதை அச்சடித்த படத்தின்படி மாட்டிவிட்டு, எழுதித்தந்த புரோகிராமை ஏற்றிவிட்டு, கை அசைந்ததும் கைதட்டுவதா அறிவியல்? அசையாதபோது ஏன் அசையவில்லை என்று கண்டுபிடிப்பதல்லவா அறிவியல்?

சிலர் மறுப்புச் சொல்லலாம். 'பிள்ளைகள் மின்சாரத்தோடு விளையாடுவது ஆபத்து' என்பார்கள். 230 வோல்ட் வீட்டு மின்சாரம் நிச்சயமாக ஆபத்துதான். அதில் யாரும் கைவைக்கவேண்டாம். அடாப்டரின் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். லித்தியம் பேட்டரிகளும் முனைகள் சேர்ந்தால் தீப்பிடிக்கும். பெரியவர் துணையின்றி அவற்றைத் தொடாதீர்கள். ஆனால் நல்ல அடாப்டரிலிருந்து பியூஸ் வழியாக வரும் 12 வோல்ட்டை, ஆசிரியர் பக்கத்தில் இருக்கக் கையாளலாம். நீச்சல் பழகாத பிள்ளையைக் கிணற்றில் தள்ளக்கூடாது. அதற்காக நீச்சலே பழக்காமல் விடுவதும் சரியல்ல.

'செலவு அதிகம்' என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான், சீரியல் சர்வோ விலை கூடியது. ஆறு வாங்கிப் பூட்டிவைப்பதைவிட இரண்டு வாங்கித் திறந்துவைப்பது நல்லது. அதுவும் முடியாவிட்டால் துடிப்பில் இயங்கும் சிறு சர்வோ ஒன்றில் தொடங்கலாம். மிச்சப் பணத்தில் ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கவேண்டும். அளக்கும் கருவி இல்லாத ஆய்வகம் தராசு இல்லாத மளிகைக் கடை போன்றது.

ஆகவே நான் கேட்பவை மூன்று. முதலாவது, ஆய்வகத்துச் சாமான்களில் ஒரு பகுதி பழுதாகும் என்பதைப் பதிவேடே ஒப்புக்கொள்ளவேண்டும். பியூன்சன் அடுப்பின் வாயு தீர்ந்தால் எப்படி யாரும் ஆசிரியரைக் குற்றவாளி ஆக்குவதில்லையோ, அப்படியே இதிலும் நடக்கவேண்டும். இரண்டாவது, புரோகிராமுக்கு முன்னால் மின்சாரத்தைக் கற்றுத்தரவேண்டும். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எவ்வளவு தடிப்பான கம்பி என்ற கணக்கை மாணவர் போட்டுக் காட்டிய பிறகே மோட்டாரை மாட்டவேண்டும். மூன்றாவது, காயில் கட்டுபவரையும் மின்பணியாளரையும் மாதம் ஒருநாள் பள்ளிக்கு அழைத்துப் பேசவைக்கவேண்டும். அந்தத் தந்தையைப்போன்றவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

உங்கள் பங்குக்கு நீங்கள் செய்யக்கூடியவை என்ன? பலகையில் உட்காரும் முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். மோட்டாருக்கும் பலகைக்கும் தனித்தனி மின்சாரம் கொடுத்தால், இரண்டின் எதிர்முனைகளையும் ஒரு கம்பியால் சேர்க்க மறக்காதீர்கள். 'கிணற்றில் தண்ணீர் 40 அடியில் இருக்கிறது' என்றால், எங்கிருந்து 40 அடி என்று தெரியவேண்டுமல்லவா? மின்னழுத்தமும் அப்படியே. பொதுவான ஓர் இடத்திலிருந்து அளக்காவிட்டால் பலகை சொல்வது மோட்டாருக்குப் புரியாது. ஏஎக்ஸ்-12ஏ போன்ற மோட்டார்கள் கடையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் எண் 1தான். ஆறையும் ஒன்றாகக் கோத்துக் கூப்பிட்டால் ஆறும் ஒரே சமயத்தில் பதில் சொல்லிக் குழப்பும். ஒவ்வொன்றாக மாட்டி, தனி எண் வைத்த பிறகு கோக்கவேண்டும்.

ஒரு சோதனையும் சொல்கிறேன். இந்த மோட்டாரிடம் 'உனக்கு எவ்வளவு மின்னழுத்தம் வந்து சேர்கிறது?' என்று பலகை வழியாகக் கேட்கலாம். அது 119 என்று சொன்னால் 11.9 வோல்ட் என்று பொருள். கை சும்மா இருக்கும்போது ஒருமுறை, எடை தூக்கும்போது ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் அடாப்டரின் முனையில் மல்ட்டிமீட்டர் வைத்து அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கே போயிற்று? கம்பியைத் தடிப்பாக்கினால் என்ன ஆகிறது? இதற்கு விடை கண்டவர், புரோகிராமை மட்டும் படியெடுத்தவரைவிடப் பத்துப்படி மேலே நிற்கிறார்.

இதெல்லாம் விளையாட்டுப் பொம்மைக்காக மட்டும் சொல்லவில்லை. மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூர், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. இன்றும் நம் பிள்ளைகள் வேலை தேடிப் போகும் ஊர் அது. எந்திரக் கைகள் வேலை செய்யும் இடங்களில் இரண்டு வகை மனிதர்கள் தேவைப்படுகிறார்கள்: பொத்தானை அழுத்துபவர்கள், எந்திரம் நின்றுபோனால் ஏன் என்று கண்டுபிடிப்பவர்கள். முதல் வகையினரின் வேலையை நாளை இன்னொரு எந்திரம் பறித்துக்கொள்ளலாம். இரண்டாவது வகையினரை அனுப்பிவிட்டு ஒரு தொழிற்சாலையும் நடக்காது. நீங்கள் எந்த வகையில் சேரப்போகிறீர்கள் என்பது, கை விழுந்தபோது தக்காளியை ஓரமாக வைத்தீர்களா, மல்ட்டிமீட்டரை எடுத்தீர்களா என்பதில் இருக்கிறது.

அடுத்த கண்காட்சியில் அந்த மாணவியைச் சந்திக்க ஆசைப்படுகிறேன். கை மறுபடி கீழே விழுந்தாலும் பரவாயில்லை. ஏன் விழுந்தது என்று அவள் அளந்து எழுதிய தாள் மேஜைமேல் இருந்தால் போதும். நான் நடுவராக இருந்தால் முதல் பரிசு அந்தத் தாளுக்குத்தான்.